தீர்ப்புக்கும் ஒரு கோடு வேண்டும்

1877 மார்ச் 24 அன்று லண்டனின் தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் படகுகள் பந்தயத்தில் மோதின. நடுவர் சொன்ன முடிவு: சமன். 2016 ஆகஸ்ட் 20 அன்று ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 200 மீட்டர் ஒற்றையர் கயாக் இறுதிப் போட்டி நடந்தது. மூன்றாம் இடத்துக்கு ஸ்பெயினின் சவுல் கிராவியோட்டோவும் ஜெர்மனியின் ரொனால்ட் ரவேயும் ஒன்றாக வந்தார்கள். இருவருக்கும் 35.662 நொடி. அங்கும் முடிவு சமன்தான்.

முதல் தீர்ப்பை ஆக்ஸ்ஃபோர்டு ஆதரவாளர்கள் மனதார ஏற்கவே இல்லை. தங்கள் படகு சில அடி முந்தியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பளித்த முதியவரைப் பற்றிய கேலிக்கதைகள் தலைமுறைகளைத் தாண்டி வந்தன. இரண்டாவது தீர்ப்பில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. இருவரும் ஆளுக்கொரு வெண்கலத்தை வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்பு ஒன்றே, வரவேற்பு மட்டும் ஏன் வேறு? கருவி வளர்ந்துவிட்டது என்று சொல்வது எளிது. கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிவரை அளந்த பிறகும் ஓயாத சச்சரவுகள் இருக்கின்றன. நம் பக்கத்து மாநிலத்திலேயே, 2024-இல், அப்படி ஒன்று நடந்தது. துடுப்புப் படகுப் போட்டிகளின் தகராறுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது: எதை அளப்பது, யார் கேட்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றைப் படகு கிளம்பும் முன்பே தீர்மானித்த இடங்களில் சண்டை அடங்கியிருக்கிறது. கிளம்பிய பின் தீர்மானிக்கப் பார்த்த இடங்களில் அடங்கவில்லை.

கண்ணால் கண்டதும் பொய்

1877-இன் நடுவர் ஜான் ஃபெல்ப்ஸ், தேம்ஸில் படகோட்டிப் பிழைத்த தொழில்முறைப் படகுக்காரர். அவர் குடித்திருந்தார், புதருக்கடியில் தூங்கிவிட்டார், ஒரு கண் தெரியாது என்றெல்லாம் கதைகள் உண்டு. கதைகளை ஒதுக்கிவிட்டு அவர் நின்ற இடத்தை யோசிப்போம். படகுகள் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர் வந்திருக்கின்றன. 24 நிமிடம் 8 நொடி ஆகியிருக்கிறது. இரண்டும் ஒட்டி வருகின்றன. முடிவிடத்தைக் காட்ட இரு கரையிலும் நேர்நேராக நட்ட கம்பங்கள் இல்லை. எந்தக் கோட்டை எந்தப் படகு முதலில் தொட்டது என்று அவர் சொல்ல வேண்டும். அந்தக் கோடோ அவர் கற்பனையில்தான் இருந்தது.

இதன் கணக்கு எளியது. இரண்டு படகுகளுக்கு இடையே பக்கவாட்டில் 20 மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். நடுவரின் பார்வை உண்மையான கோட்டிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினால் போதும், ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். கண் கூர்மையாக இருந்தாலும், நேர்மை பத்தரை மாற்றாக இருந்தாலும் இந்தப் பிழையிலிருந்து தப்ப முடியாது. ஃபெல்ப்ஸின் தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சரிபார்க்க மற்றவர்களுக்கு வழி இல்லாததுதான் வினையானது. பிறகு அந்தப் போட்டியின் முடிவிடம் கம்பங்களால் குறிக்கப்பட்டது. ஒரு தகராறு தந்த நல்ல பலன் அது: எந்தப் படகு வென்றது என்ற கேள்விக்கு விடை வரவில்லை, அடுத்த முறை அந்தக் கேள்வி எழாமலிருக்க வழி பிறந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுகள் முதுகைக் காட்டி அமர்ந்து வலிக்கும் வகை. கயாக், கனூ இரண்டும் போகும் திசையைப் பார்த்தே துடுப்புப் போடும் படகுகள். கயாக்கில் அமர்ந்து இருமுனைத் துடுப்பு. கனூவில் ஒரு முழங்காலை ஊன்றி ஒருமுனைத் துடுப்பு. 1936 பெர்லினில் இவை ஒலிம்பிக் பதக்கப் போட்டியாயின. 1952 ஹெல்சிங்கியில் ஆண்கள் 1000 மீட்டர் இரட்டையர் கயாக்கின் முடிவுத்தாளைப் பாருங்கள். தங்கம் பின்லாந்தின் குர்ட் விரஸ், யூர்யோ ஹியடனென் இணைக்கு: 3 நிமிடம் 51.1 நொடி. வெள்ளி ஸ்வீடனின் லார்ஸ் கிளாசர், இங்கமார் ஹெட்பர்க் இணைக்கு: அதே 3 நிமிடம் 51.1 நொடி.

அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு நொடி என்பது தண்ணீரில் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். கடிகாரத்துக்கு அதற்குக் கீழே பேச்சில்லை. ஆகவே முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிரித்தது முடிவுக்கோட்டில் எடுத்த தீர்ப்பு. நேரம் வெறும் குறிப்பு. எண்களால் முடிவு சொல்வதாக நினைக்கும் விளையாட்டு, நெருக்கடியில் எண்களைக் கைவிட்டு வரிசையை நம்பியது. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான் முடிவுக்கோட்டுப் படக்கருவியின் சாதனை.

ஒரு கோட்டை மட்டும் பார்க்கும் கண்

போட்டோ ஃபினிஷ் கருவி நாம் நினைப்பது போன்ற புகைப்படம் எடுப்பதில்லை. அது முடிவுக்கோட்டின் மெல்லிய ஒரு செங்குத்துக் கீற்றை மட்டும், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்கிறது. அந்தக் கீற்றுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு படம் உருவாகிறது. அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் கிடையாது, நேரம். இரண்டு படகுகளின் முனைகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி, ஒன்று கோட்டைத் தொட்டபின் மற்றது தொட எடுத்துக்கொண்ட காலம். நடுவர் முனைமேல் ஒரு கோட்டை வைத்தால் நேரமும் வரிசையும் ஒரே வாசிப்பில் வருகின்றன. ஹெல்சிங்கி முடிவுத்தாளின் முரண் இங்கே எழ வழியில்லை. அதைவிடப் பெரிய நன்மை, அந்தப் படத்தைத் தோற்றவருக்கும் காட்டலாம் என்பது.

எதன்மேல் கோட்டை வைப்பது என்பதையும் விதி சொல்லிவிடுகிறது. பன்னாட்டு கனூ கூட்டமைப்பின் விதிப்படி, குழுவினர் எல்லோரும் படகில் இருக்க, படகின் அணியம், அதாவது முன்முனை, முடிவுக்கோட்டைக் கடப்பதே முடிவு. ஓட்டப் பந்தயத்தில் மார்பு, குதிரைப் பந்தயத்தில் மூக்கு, இங்கே அணியம். வீரரின் உடல் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. அதனால்தான் தேர்ந்த கயாக் வீரர்கள் கடைசித் துடுப்போடு உடலைப் பின்னே சாய்த்து, கால்களால் படகை முன்னே உந்தித் தள்ளுகிறார்கள். சில கணங்களுக்குப் படகு வீரரைவிட வேகமாகப் போகிறது. கொஞ்சம் முன்னதாக உந்திவிட்டால் படகு தளர்ந்துவிடும், தாமதித்தால் பயனில்லை, தடுமாறிக் கவிழ்ந்து கோட்டுக்கு முன்பே தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு.

2008 பெய்ஜிங்கில் பெண்கள் 500 மீட்டர் ஒற்றையர் கயாக்கை இப்படித்தான் படம் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. உக்ரைனின் இன்னா ஒசிபென்கோ-ரடோம்ஸ்கா 1 நிமிடம் 50.673 நொடி. இத்தாலியின் ஜோசஃபா இடெம் 1 நிமிடம் 50.677 நொடி. வித்தியாசம் ஆயிரத்தில் நான்கு பங்கு. தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. இடெமுக்கு அப்போது வயது 43. அந்த இரண்டு சென்டிமீட்டர் தங்கத்தை வெள்ளியாக்கியது. முடிவு அப்படியே நின்றது.

ரியோவில் கருவி ஆயிரத்தில் ஒரு பங்குவரை பார்த்தும் பிரிக்க முடியவில்லை. அங்கே விதி தயாராக இருந்தது: இறுதிப் போட்டியில் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டவர்களுக்கு ஒரே இடம். மறுஓட்டமும் கிடையாது, சீட்டுக் குலுக்கலும் கிடையாது. 2024 பாரிஸில் பெண்கள் 500 மீட்டர் இரட்டையர் கயாக்கிலும் ஜெர்மனியின் பவுலினா பாஷெக், யூலே ஹாக்கெ இணையும் ஹங்கேரியின் நோயமி பூப், ஷாரா ஃபோய்ட் இணையும் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டன. 1877-இன் சமன், முடிவு காண இயலாத ஒருவரின் கைவிரிப்பாகத் தோன்றியது. இந்தச் சமன்கள் விதியின் ஒரு வரியாகவே வந்தன. வரவேற்பு மாறியதற்குக் காரணம் இதுதான்.

தொட்டதா, தொடவில்லையா

நேர்கோட்டுப் பந்தயத்தில் நடுவரின் வேலை பெரும்பாலும் கருவிக்குப் போய்விட்டது. பாய்ந்தோடும் நீரில் நடக்கும் கனூ ஸ்லாலமில் அது இன்னும் மனிதரிடமே இருக்கிறது. மேலிருந்து தொங்கும் கம்புகளாலான வாயில்களை வீரர் வரிசை தவறாமல் கடக்க வேண்டும். பச்சை வாயில்களை நீரோட்டத்தோடும், சிவப்பு வாயில்களை நீரோட்டத்தை எதிர்த்தும். கம்பைத் தொட்டால் 2 நொடி தண்டம். வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி. கரையில் நிற்கும் வாயில் நடுவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள்; ஐயம் வந்தால் காணொளி.

இந்த 2 நொடி எவ்வளவு பெரியது என்பதை 2004 ஏதென்ஸ் காட்டியது. ஆண்கள் ஒற்றையர் கனூவில் பிரான்ஸின் தோனி எஸ்தாங்கே, ஸ்லோவாக்கியாவின் மிகால் மார்டிகான் இருவரும் அந்தக் காலத்தின் இணையற்ற எதிரிகள். இரண்டு ஓட்டங்களின் கூட்டுக் கணக்கில் எஸ்தாங்கே 189.16, மார்டிகான் 189.28. மார்டிகானின் கணக்கில் இறுதி ஓட்டத்தின் 2 நொடி தண்டம் ஒன்று அடக்கம். அந்த ஒரு தொடுகை இல்லையென்றால் தங்கம் கை மாறியிருக்கும். நூறில் ஒரு பங்கு நொடிவரை அளக்கும் கடிகாரத்தின் முடிவை, தொட்டதா இல்லையா என்ற ஒரு மனிதத் தீர்ப்பு 200 மடங்கு பெரிய படியால் நகர்த்துகிறது.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கயாக்கிலும் இதே கணக்கு. ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் தண்டமில்லாமல் பார்த்தால் 102.73 நொடியில் வந்தவர். இரண்டு தொடுகைகள், 4 நொடி, ஆக 106.73; வெண்கலம். எதையும் தொடாமல் 105.50-இல் வந்த ஜெர்மனியின் ரிகார்டா ஃபுங்குக்குத் தங்கம். இங்கே வேகம் ஒரு பாதி, தூய்மை மறுபாதி என்று விளையாட்டே வரையறுத்துவிட்டது. ஒரு தொடுகை பற்றிச் சண்டை போடலாம். தொடுகைக்கு 2 நொடி நியாயமா என்று அன்றைக்குச் சண்டை போட முடியாது.

இருபது நிமிடமும் பத்து ஆண்டும்

நேர்கோட்டுப் பந்தயத்தில் முறையீட்டுக்குக் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. முடிவு தெரிவிக்கப்பட்ட 20 நிமிடத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு புகார் தர வேண்டும். புகார் ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பும். அதன்மேல் மேல்முறையீட்டுக் குழு ஒன்று உண்டு. 20 நிமிடம் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீரில் எல்லோர் கண் முன்னும் நடந்ததற்கு அது போதும். நாள் கடந்தால் சாட்சியின் நினைவும் ஆதரவாளர் கூட்டத்தின் கோபமும் கலந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததற்கு வேறு அளவு. ஊக்கமருந்து வழக்குகளில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் 10 ஆண்டுவரை கதவைத் திறந்து வைக்கின்றன. ரியோவில் ஆண்கள் 1000 மீட்டர் ஒற்றையர் கனூவில் மூன்றாவதாக வந்த மால்டோவாவின் செர்கெய் டர்னோவ்ஸ்கி, போட்டிக்கு முன் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் வெண்கலத்தை இழந்தார். நான்காவதாக வந்த ரஷ்யாவின் இல்யா ஷ்டொகாலொவுக்கு அது போனது. ஆனால் மேடை, கொடி, அந்த நாளின் ஆரவாரம் எதையும் பின்தேதியிட்டுத் தர முடியாது. டர்னோவ்ஸ்கி தடைக்காலம் முடிந்து திரும்பி, டோக்கியோவிலும் பாரிஸிலும் அதே போட்டியில் வெண்கலம் வென்றார் என்பது கதையின் மறுபக்கம்.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு. கனடாவின் லாரன்ஸ் வின்சென்ட் லாபுவான்ட் பெண்கள் கனூவில் பல முறை உலகச் சாம்பியன். 2019-இல் அவர் மாதிரியில் லிகாண்ட்ரால் என்ற பொருள் மிக நுண்ணிய அளவில் தென்பட, தற்காலிகத் தடை வந்தது. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் போட்டியில் இறங்க முடியவில்லை. அவர் இல்லாத 200 மீட்டரில் அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் வென்றார். 2020 ஜனவரியில், அந்தப் பொருள் துணைவரின் உடல்திரவங்கள் வழியே வந்தது என்ற விளக்கத்தை ஏற்று லாபுவான்ட் விடுவிக்கப்பட்டார். அவர் இறங்கியிருந்தால் 2019-இல் யார் வென்றிருப்பார் என்பதை எந்தத் தீர்ப்பாயமும் சொல்ல முடியாது. டோக்கியோவில் இருவரும் மோதினார்கள்: ஹாரிசனுக்குத் தங்கம், லாபுவான்டுக்கு வெள்ளி. சில கேள்விகளுக்கு அடுத்த பந்தயம் மட்டுமே விடை.

புன்னமடையில் ஆயிரத்தில் ஐந்து

1952 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு கேரளத்தின் குட்டநாட்டுக்கு வந்தபோது அவருக்காக நடந்த சுண்டன் வள்ள (பாம்புப் படகு) போட்டியில் நடுபாகம் என்ற வள்ளம் வென்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளை மறந்து நேரு அந்த வள்ளத்தில் ஏறிக்கொண்டார். பிறகு அவர் அனுப்பிய வெள்ளி வள்ளமே இன்றைய நேரு கோப்பை. ஆலப்புழை புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போட்டியை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சங்கம் நடத்துகிறது. 30 மீட்டருக்கும் மேல் நீளும் வள்ளம், ஏறக்குறைய நூறு பேர். துடுப்புப் போடுவோர், பின்முனையான அமரத்தில் நின்று திசை காப்போர், நடுவில் நின்று தாளம் கொடுப்போர். வள்ளம் ஊருக்குச் சொந்தம், துழாவுவது கிளப். ஒரு ஆண்டு ஒரு வள்ளத்தில் வென்ற கிளப் அடுத்த ஆண்டு வேறு வள்ளத்தில் வரலாம்.

2024-இல் வயநாட்டு நிலச்சரிவால் தள்ளிப்போன போட்டி செப்டம்பர் 28 அன்று நடந்தது. தகுதிச்சுற்றுகளில் குறைந்த நேரம் எடுத்த நான்கு வள்ளங்கள் இறுதிக்கு வந்தன. பள்ளாத்துருத்தி போட் கிளப் துழாவிய காரிச்சால் 4 நிமிடம் 29.785 நொடி. கைநகரி வில்லேஜ் போட் கிளப் துழாவிய வீயபுரம் 4 நிமிடம் 29.790 நொடி. வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்கு. முந்தைய ஆண்டு இதே வீயபுரத்தில் வென்றது பள்ளாத்துருத்தி. ஆக, தான் விட்டு வந்த வள்ளத்தையே ஒரு நூலிழையில் முந்தியது. அது அந்தக் கிளப்புக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது கோப்பை.

வில்லேஜ் கிளப் முடிவை ஏற்கவில்லை. புகார் போனது, பிறகு மேல்முறையீட்டுக் குழு அதைத் தள்ளுபடி செய்து காரிச்சாலின் வெற்றியை உறுதி செய்தது. ஆவணத்தில் விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் பெய்ஜிங்கில் இதைவிடச் சிறிய இடைவெளி அடங்கிப்போக, இங்கே இது ஏன் பெருந்தகராறானது?

வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்தால் ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி என்பது 2.5 சென்டிமீட்டர். வள்ளத்தின் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த 2.5 சென்டிமீட்டருக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், நான்கு அணியங்களும் தொடக்கத்தில் அதைவிட நேர்த்தியாக ஒரே கோட்டில் நின்றிருக்க வேண்டும். ஒலிம்பிக் கயாக்கில் ஒவ்வொரு அணியமும் தொடக்கக் கருவியின் பிடிக்குள் நிற்கிறது. குறி ஒலித்ததும் எல்லாப் பிடிகளும் ஒன்றாக நீருக்குள் இறங்குகின்றன. ஓடும் காயலில், நூறு பேரின் அசைவில் ஆடும் வள்ளத்தை அப்படி நிறுத்துவது எளிதல்ல. ஒரு சாண் முன்பின் இருந்தால்கூட அது முடிவில் கண்ட வித்தியாசத்தைப் போல எட்டு மடங்கு. முடிவை எத்தனை நுட்பமாக அளந்தாலும், தொடக்கத்தின் நேர்த்தியைத் தாண்டிய துல்லியம் கிடைக்காது.

நீச்சல் உலகம் இதை ஒரு கசப்பின் வழியே கற்றது. 1972 மியூனிக்கில் ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4 நிமிடம் 31.981 நொடி, அமெரிக்காவின் டிம் மக்கீ 31.983. ஆயிரத்தில் இரண்டு பங்குக்குத் தங்கம் போனது. அந்த நேரத்தில் நீச்சல் வீரர் கடக்கும் தூரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். எந்தக் கொத்தனாரும் எட்டுத் தடங்களையும் 3 மில்லிமீட்டர் பிசகாமல் கட்டித் தர முடியாது. ஆகவே நீச்சல், அளக்க முடிந்தும் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது. அதற்குக் கீழே எல்லாம் சமன். நுட்பத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததால் அந்த விளையாட்டின் தீர்ப்புக்கு நம்பகம் கூடியது.

புன்னமடைக்கும் அந்த முடிவு பொருந்தும் என்பதே என் கருத்து. தொடக்கத்தை எத்தனை நேர்த்தியாக வைக்க முடிகிறது என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கேற்ப, பத்தில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ, அதற்குள் வந்தால் கூட்டு வெற்றி என்று போட்டிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவுக்கோட்டுப் படத்தை அங்கேயே திரையில் காட்டி, இரு கிளப் தலைவர்களிடமும் கொடுக்க வேண்டும். முறையீட்டுக்கு நிமிடக் கணக்கில் கெடு வைக்க வேண்டும். ஒரு குழுவில் வெளிமாநிலத் துடுப்பாளர் எத்தனை பேர் என்பது போன்ற, ஆவணம் பார்த்துத் தீர்க்க வேண்டிய புகார்களுக்குத் தனிக் கெடு. அவற்றில் பெரும்பாலானவற்றை வள்ளம் இறங்கும் முன்பே சரிபார்த்துவிடலாம்.

கூட்டு வெற்றி என்றால் சுவை போய்விடும் என்பார்கள். பரிசுப் பணம், பந்தய மானம், ஊர்ப்பெருமை எல்லாம் ஒரே பெயரைத்தான் கேட்கின்றன. ஆனால் நாலரை நிமிடம் நூறு பேர் ஒரே மூச்சாகத் துழாவி வந்த இரு வள்ளங்களை, தொடக்கக் கயிற்றின் தளர்ச்சியைவிடச் சிறிய இடைவெளியை வைத்து வென்றவர், தோற்றவர் என்று பிரிப்பது பெருமைக்கு அழகில்லை. 2025-இல் அதே வீயபுரத்தில் அதே வில்லேஜ் கிளப் வந்து கோப்பையை வென்றது. அந்தக் கிளப்பின் திறமைக்கு முந்தைய ஆண்டின் மறுவிசாரணை தேவைப்படவில்லை. போட்டியின் விதிப்புத்தகத்துக்குத்தான் இன்னும் ஒரு வரி தேவைப்படுகிறது.